நில அதிர்வுக் கதிர்களை வரையும்போது வகையீட்டு வடிவியல் உண்மையில் எதற்கு உதவுகிறது?

கேள்வி: முதுகலை மாணவி, புவி இயற்பியல்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காக, நிலத்தடிப் பாறைகளின் ஊடே நில அதிர்வு அலைகள் செல்லும் கதிர்வழிகளைக் கணக்கிடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். மேற்பரப்பில் வேகம் வினாடிக்கு 1.8 கி.மீ. என்றும், ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் அது 0.6 கி.மீ. கூடுகிறது என்றும் வைத்துக்கொண்டு முதலில் சோதித்தேன். கதிர்கள் வட்ட விற்களாக இறங்கி, பிசகில்லாமல் மேலேறி வந்தன. அந்தத் துணிவில் மார்மூசி மாதிரிக்குப் போனேன். 1988-இல் பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், அங்கோலாவின் குவான்சா படுகையின் குறுக்குவெட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய அந்தச் செயற்கை மாதிரியைப் பலரும் அறிந்திருப்பீர்கள்: அகலம் 9.2 கி.மீ., ஆழம் 3 கி.மீ., 4 மீட்டருக்கு ஒரு வேக மதிப்பு.

மேற்பரப்பில் ஒரு புள்ளியிலிருந்து, ஒரு பாகைக்கு ஒன்றாக 121 கதிர்களை விசிறிபோல் அனுப்பினேன். சிறிது ஆழம் வரை ஒழுங்காகச் சென்ற கதிர்கள், பிளவுப் பெயர்ச்சிகள் நெருங்கும் பகுதியில் வைக்கோல் போர் சரிந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அருகருகே புறப்பட்ட இரு கதிர்கள் அடிமட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றன; இடையில் ஒரு கதிரும் எட்டாத வெற்றிடங்கள் இருக்கின்றன. நேரப் படியை 4 மில்லிவினாடியிலிருந்து 1 மில்லிவினாடியாகக் குறைத்தும் நிலைமை மாறவில்லை.

"மாதிரியைக் கொஞ்சம் மென்மையாக்கு" என்கிறார் வழிகாட்டி. எவ்வளவு என்று கேட்டால், படம் சீராகும் வரை என்பதுதான் பதிலாகக் கிடைக்கிறது. படம் அழகாகத் தெரியும்வரை தரவை மாற்றிக்கொண்டே போவது எனக்கு மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை. என் கேள்விகள் இரண்டு. முதலாவது, மென்மையாக்கலுக்கு ஏதேனும் இயற்பியல் வரையறை உண்டா? இரண்டாவது, வகையீட்டு வடிவியலின்படி கதிர்கள் ஒரு வளைந்த வெளியின் ஜியோடெசிக்குகள், அதாவது அந்த வெளியில் நேர்கோட்டின் இடத்தில் நிற்கும் கோடுகள் என்று படித்தேன். ஆனால் வேகம் மாறும் இடத்தில் கதிர் எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் ஸ்னெல் விதியைக் கொண்டே வரைய முடிகிற ஒன்றுக்கு இந்த வடிவியல் மொழி வெறும் பெயர்மாற்றமா, அல்லது என் சிக்கலைத் தீர்க்க அதனால் ஏதும் ஆகுமா?

மறுமொழி 1: வடிவியல் ஆசிரியர்

இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதலாவதன் பாதி தானே அவிழும்.

ஒரு சிறு துண்டைக் கடக்க அலைக்கு ஆகும் நேரம், அந்தத் துண்டின் நீளத்தை அந்த இடத்து வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. இப்போது தொலைவு என்ற சொல்லின் பொருளையே மாற்றிக்கொள்ளுங்கள். இரு புள்ளிகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று கேட்காமல், எத்தனை வினாடி என்று கேளுங்கள். ஊரில் வழி கேட்டால் "பத்து நிமிஷ நடை" என்கிறார்களே, அதே அளவைதான். இப்படி அளக்கும்போது பாறை ஒரு ரீமன் வெளியாகிறது. அதன் மெட்ரிக், அதாவது நீளத்தை அளக்கும் விதி, வழக்கமான மெட்ரிக்கை வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தது. கோணங்கள் மாறுவதில்லை, நீளங்கள் மட்டும் வேகம் கூடிய இடத்தில் சுருங்கி, குறைந்த இடத்தில் நீள்கின்றன. அலை நேரம் குறைந்த வழியில் செல்லும் என்ற ஃபெர்மாவின் கோட்பாடு சொல்லும் கதிர்வழி, இந்த வெளியின் ஜியோடெசிக்.

இதுவரை பெயர்மாற்றம்தான் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பயன் இனிமேல்தான் வருகிறது, ஏனெனில் வெளி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு வளைவு என்றும் ஒன்று வந்துவிடுகிறது. இரு பரிமாணக் குறுக்குவெட்டில் அதன் காஸ் வளைவைக் காண, வேகத்தை அதன் லாப்லாசியனால், அதாவது இரு திசைகளிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையால் பெருக்கி, அதிலிருந்து வேகச் சரிவின் (இடத்தோடு வேகம் மாறும் வீதத்தின்) வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். கதிர் ஒன்றைக்கூட வரையாமல், வேகப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டே இந்த எண்ணை ஒவ்வொரு புள்ளியிலும் கண்டுவிடலாம்.

உங்கள் முதல் மாதிரியில் வேகம் நேர்கோடாகக் கூடுவதால் லாப்லாசியன் சுழியம், சரிவு 0.6, ஆகவே வளைவு எங்கும் ஒரே அளவாக, எதிர்க்குறியில் 0.36. எங்கும் மாறாத எதிர்க்குறி வளைவு கொண்ட வெளி, போயாயும் லோபாசெவ்ஸ்கியும் கண்ட அதிபரவளையத் தளமே. நீங்கள் பார்த்த வட்ட விற்கள், புவான்கரேயின் அரைத்தளப் படத்தில் அந்தத் தளத்தின் 'நேர்கோடுகள்'. எல்லா வட்டங்களின் மையங்களும், வேகம் சுழியாகும் கற்பனை மட்டத்தில், மேற்பரப்புக்கு 3 கி.மீ. உயரத்தில் இருக்கும், 1.8-ஐ 0.6-ஆல் வகுத்தால் வரும் 3 அது. அலை புறப்படும் ஊற்றிலிருந்து 8 கி.மீ. தள்ளி வெளிவரும் கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். மையம் 4 கி.மீ. பக்கவாட்டில், 3 கி.மீ. உயரத்தில் இருப்பதால் ஆரம் 5 கி.மீ.; கதிர் தொடும் ஆழம் 2 கி.மீ.; அங்கு வேகம் வினாடிக்கு 3 கி.மீ. பயண நேரம், 3-இன் இயல் மடக்கையை 0.3-ஆல் வகுத்தது, அதாவது 3.662 வினாடி. மேற்பரப்பை ஒட்டி நேராகச் சென்றிருந்தால் 4.444 வினாடி ஆகியிருக்கும். உங்கள் நிரல் இந்த எண்களைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஜாக்கோபியின் சமன்பாடு. அருகருகே புறப்படும் இரு கதிர்களின் இடைவெளியை நேர அளவையில் அளந்தால், அதன் இரண்டாம் நேர வகைக்கெழு, வளைவையும் இடைவெளியையும் பெருக்கி எதிர்க்குறி இட்டதற்குச் சமம். வளைவு எதிர்க்குறியானால் இடைவெளி அடுக்குக்குறி வேகத்தில் விரியும். நேர்க்குறியானால் விரிந்த இடைவெளி திரும்பச் சுருங்கி, கதிர்கள் ஒன்றையொன்று தொடும். மேலே சொன்ன 8 கி.மீ. கதிரில், ஒரு பாகை விலகிப் புறப்பட்ட இரு கதிர்களின் குறுக்கு இடைவெளி முடிவில் 233 மீட்டர் ஆகிறது. வேகம் மாறாத பாறையில் அதே 8 கி.மீ. தொலைவில் 140 மீட்டர்தான். இதற்கு எண்முறைத் தீர்வே வேண்டாம். தாளும் பேனாவும் போதும்.

நேர்க்குறி வளைவுக்கும் ஒரு துல்லியமான எடுத்துக்காட்டு தருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. நடுவில் வேகம் வினாடிக்கு 2 கி.மீ., மேலும் கீழும் செல்லச் செல்ல அதிபரவளையக் கோசைனைப்போல் கூடுகிற ஒரு தாழ்வேகப் பட்டையை எண்ணிக்கொள்ளுங்கள்: அச்சிலிருந்து 1 கி.மீ. தள்ளி 2.26, 2 கி.மீ. தள்ளி 3.09. கணக்கிட்டால் வளைவு எங்கும் நேர்க்குறியில் மிகச் சரியாக 1 வருகிறது. மாறாத நேர்க்குறி வளைவு என்றால் அது கோளம். அந்தப் பட்டை, 1569-இல் மெர்காட்டர் வரைந்த உலகப் படத்தின் அமைப்பே தவிர வேறல்ல. அச்சு நிலநடுக்கோடு, கதிர்கள் பெருவட்டங்கள். தொலைதூர விமானப் பாதை அந்தப் படத்தில் துருவத்தை நோக்கி வளைந்து தெரியும் காரணமும், கதிர் வேகமான பாறைக்குள் வளைந்து போய்த் திரும்பும் காரணமும் ஒன்றே. கோளத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் பெருவட்டங்கள் அனைத்தும் எதிர்முனையில் கூடுவதுபோல, அச்சிலிருந்து கிளம்பும் கதிர்கள் அனைத்தும் 6.28 கி.மீ. தொலைவில், 3.14 வினாடியில் ஒரே புள்ளியில் கூடும்.

இனி உங்கள் வைக்கோல் போருக்கு வருவோம். வலைக்கண்ணின் நான்கு மூலை வேகங்களிலிருந்து உள்ளேயுள்ள வேகத்தை இரட்டை நேரியல் முறையில் இடைக்கணிப்பு செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு வலைக்கண்ணின் உள்ளேயும் லாப்லாசியன் சுழியம். வளைவு எப்போதும் எதிர்க்குறியாகவே வரும். கதிர்களைக் குவிக்கும் நேர்க்குறி வளைவு முழுவதும் கண்களின் விளிம்புகளில் ஒடுங்கிக் கிடக்கும். முக்கோண வலையானாலும் இதே கதைதான். ஒவ்வொரு முக்கோணமும் அதிபரவளையத் தளத்தின் ஒரு துண்டு, மிச்சமெல்லாம் ஒட்டுப்போட்ட துணியின் மடிப்புகள்போல் தையலில் குவிந்திருக்கும். நேரப் படியைச் சுருக்கினாலும் தையல் அப்படியே இருக்குமல்லவா? இரண்டாம் வகைக்கெழு தொடர்ச்சியாக இருக்கும் முப்படி பி-ஸ்ப்ளைன் கொண்டு வேகத்தை எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். 4 மீட்டர் இடைவெளியில் வேகம் வினாடிக்கு 100 மீட்டர் தாவினால், 2,500 மீட்டர் வேகமுள்ள பாறையில் வளைவு ஏறத்தாழ 15,600 என்று வருகிறது, ஒரு பக்கம் நேர்க்குறியிலும் மறுபக்கம் எதிர்க்குறியிலும். முதல் மாதிரியின் 0.36-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தாவலை நேராகக் கடக்கும் கதிருக்கு இரு குறிகளும் பெரும்பாலும் ஈடாகிவிடும். தாவலை ஒட்டிச் சாய்ந்து நழுவும் கதிருக்கு அந்த ஈடு கிடைப்பதில்லை. சிதறுவது அந்தக் கதிர்கள்தாம்.

மறுமொழி 2: நில அதிர்வுத் தரவுச் செயலாக்கப் பொறியாளர்

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு மிகச் சரி. ஆனால் அந்த 15,600 என்ற வளைவை அலை உணர்கிறதா என்பதைக் கேட்டே தீர வேண்டும், மாணவியின் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கதிர் என்பது அதிர்வெண் முடிவிலியை நோக்கிச் செல்லும்போது கிடைக்கும் எல்லை. உண்மையில் நாம் பதிவு செய்வது, 25 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் கொண்ட அலை. 2.5 கி.மீ. வேகத்தில் அதன் அலைநீளம் 100 மீட்டர். 4 கி.மீ. நீளமுள்ள கதிர்வழியின் நடுவில், கதிரைச் சுற்றி அலையைப் பாதிக்கும் பகுதியான முதல் ஃபிரெனெல் மண்டலத்தின் ஆரம் சுமார் 316 மீட்டர். அதாவது, நாம் ஒரு மெல்லிய கோடாக வரையும் கதிரை, இயற்கையில் 600 மீட்டர் அகலமுள்ள பாறைத் தடம் ஒன்று தாங்கி நிற்கிறது. அந்த அகலத்துக்குள் 4 மீட்டர் தாவல்களை அலை தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கூட்டி, சராசரியாக்கித்தான் பார்க்கிறது. ஆகவே அலைநீள அளவில் மென்மையாக்குவது தரவைத் திரிப்பது ஆகாது. கதிர்க் கோட்பாடு எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறதோ அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது அது. அதே 100 மீட்டர் வேகத் தாவலை, திட்ட விலக்கம் 100 மீட்டர் கொண்ட மணி வடிவக் காஸ் வளைகோட்டால் மென்மையாக்கினால், உச்ச வளைவு ஏறத்தாழ 6-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மடங்கு குறைவு. ஆனால் அலையின் பயண நேரம் அசையக்கூட இல்லை.

பயண நேரம் அசையாமல் இருக்க ஒரு விதியைப் பின்பற்ற வேண்டும். வேகத்தை மென்மையாக்காதீர்கள், வேகத்தின் தலைகீழை மென்மையாக்குங்கள், ஏனெனில் வழிநெடுகக் கூட்டப்படுவது அதுதான். 100 மீட்டர் தடிமனுள்ள இரண்டு அடுக்குகள், ஒன்று வினாடிக்கு 2 கி.மீ., மற்றது 4 கி.மீ. என்றால் செங்குத்தாகக் கடக்க 75 மில்லிவினாடி ஆகும். வேகங்களின் சராசரியான 3 கி.மீ.-ஐப் போட்டால் 66.7 மில்லிவினாடிதான் வருகிறது. எட்டு மில்லிவினாடிக்கு மேல் பிழை, அதுவும் இரண்டே அடுக்குகளில். பணிக்குச் சேர்ந்த புதிதில் நான் இதே தவற்றைச் செய்து, ஒரு வாரக் கணினி ஓட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

கடல் தரை, உப்புப் பாறையின் மேல்முகம் போன்ற உண்மையான பெரும் எல்லைகளை மென்மையாக்கக் கூடாது. அவற்றைத் தனிப் பரப்புகளாக வைத்து, அங்கே ஸ்னெல் விதியைப் பயன்படுத்த வேண்டும். ஜியோடெசிக் அங்கே முறிந்து புதிதாகத் தொடங்குகிறது. கதிர்களின் இடைவெளிச் சமன்பாடும் அங்கே ஒரு தாவல் காண்கிறது. அந்தத் தாவலின் அளவை, எல்லைப் பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கும். எல்லையை முக்கோணத் தகடுகளால் அமைத்துவிட்டு வீச்சைக் கணக்கிடுபவர்கள், தகட்டுக்குள் வளைவு சுழியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு மென்மையாக்குவது என்பதற்கு நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். 80, 100, 150 மீட்டர் என மூன்று அளவுகளில் மென்மையாக்கி, மூன்றிலும் கதிர்களை வரையுங்கள். கதிர்கள் ஒன்றையொன்று தொடும் காஸ்டிக் வளைகோடுகளில் எவை மூன்று படங்களிலும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கின்றனவோ, அவை பாறையின் அமைப்பால் வந்தவை. எவை தோன்றி மறைந்து இடம் மாறுகின்றனவோ, அவை வலையால் வந்தவை. படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

காஸ்டிக் எல்லாம் ஒழிய வேண்டும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பாதி பால் உள்ள எவர்சில்வர் டம்ளரில் சாளர வெயில் விழும்போது, உள்சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி, பாலின் மேல் கூர்முனை ஒன்றில் சேரும் இரு வளைகோடுகளாகப் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காஸ்டிக். அங்குதான் ஒளி மிகுதி. புவியின் கருவம் ஊடாக வரும் அலைகளுக்கும் அப்படி ஒன்று உண்டு: கருவத்தின் எல்லையில் முதன்மை அலையின் வேகம் வினாடிக்கு 13.7 கி.மீ.-இலிருந்து 8.1 கி.மீ.-க்கு வீழ்வதால், நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 144 பாகை தொலைவில் கதிர்கள் நெருங்கிக் குவிந்து, அந்த அலை அங்கே மிக வலுவாகப் பதிவாகிறது. மார்மூசியிலும் இதுதான் பாடம். முதலில் வந்து சேரும் அலையை மட்டும் கணக்கிடும் எய்க்கோனல் நிரல்களைக் கொண்டு அதன் ஆழப் பகுதியைப் படமெடுக்க முயன்றவர்கள், 1990-களின் தொடக்கத்திலேயே அது போதாது என்று கண்டார்கள். முதலில் வருவது பல இடங்களில் வலுவற்ற அலை. ஆற்றலைச் சுமந்து வருவது, காஸ்டிக்கைக் கடந்து சற்றுப் பிந்தி வருவது. அப்படிக் கடக்கும்போது அலையின் கட்டம் 90 பாகை மாறும் என்பதையும் நிரலில் சேர்க்க வேண்டும். காஸ்டிக்கின் மேலேயே வீச்சு வேண்டுமென்றால் எளிய கதிர்ச் சூத்திரம் முடிவிலியைத் தரும். அங்கே செர்வெனி, போப்போவ், ப்ஷென்சிக் மூவரும் 1982-இல் தந்த, கோடுகளுக்குப் பதில் அகலமுள்ள கற்றைகளைக் கூட்டும் காஸ் கற்றை முறையைப் பாருங்கள். அதற்கும் அடித்தளம் அதே ஜாக்கோபிச் சமன்பாடுதான், சிக்கலெண் தொடக்க மதிப்புகளோடு.

மறுமொழி 3: ஆய்வாளர், தலைகீழ்க் கணக்குகள்

மேலே இருவரும் வேகம் தெரியும் என்று வைத்துக்கொண்டு கதிரை வரைவதைப் பேசினார்கள். எனக்கு இந்த வடிவியலின் பெரும்பயன் எதிர்த்திசையில் இருப்பதாகப் படுகிறது: நேரங்களை அளந்து வேகத்தைக் காணும்போது, எதை ஒருபோதும் காண முடியாது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

களிப்பாறையான ஷேலில் அலையின் வேகம் திசைக்குத் திசை மாறும். படிவு அடுக்குகளின் நெடுக ஓடும்போது அதிகம், குறுக்கே செல்லும்போது குறைவு. ஒவ்வொரு திசைக்கும் ஒரு வேகம் என்றால் ரீமன் மெட்ரிக் போதாது. திசையைப் பொறுத்தும் நீளம் மாறும் ஃபின்ஸ்லர் வடிவியல் வேண்டும். திசைவேகப் படம் நீள்வட்டமாக அமையும் தனி நிலையில் மட்டும் ரீமன் மெட்ரிக்கே போதும். அந்த எளிய நிலையிலேயே ஓர் ஆழமான சிக்கல் இருக்கிறது. செங்குத்து வேகம் ஒன்று, கிடை வேகம் அதைவிட 9.5 விழுக்காடு அதிகம், 2,000 மீட்டர் ஆழத்தில் ஓர் எதிரொளிப்புப் பரப்பு என்று வையுங்கள். இப்போது ஆழத்தை மட்டும் ரப்பரைப்போல் அதே 9.5 விழுக்காடு இழுத்துவிட்டால், எல்லாத் திசைகளிலும் ஒரே வேகம் கொண்ட பாறையும், 2,190 மீட்டர் ஆழத்தில் ஒரு பரப்பும் கிடைக்கின்றன. இந்த இரண்டு நிலத்தடிகளும், மேற்பரப்பில் எந்த ஊற்றுக்கும் அதிர்வைப் பதியும் எந்த ஜியோஃபோனுக்கும் ஒரே நேரத்தையே தரும். தோராயமாக அல்ல, மிகச் சரியாக. நேர அளவையில் அவை இரண்டும் ஒரே வெளி. ஆள்கூறுகள் மட்டுமே வேறு. லியோன் தாம்சன் 1986-இல் வகுத்த குறியீடுகளில், திசைக்கேற்ப வேகம் மாறுவதன் ஓர் அளவான டெல்டா 0.1 என்றால் ஏறத்தாழ இதே அளவு ஆழப் பிழைதான் வரும். துளைக்கிணறு தோண்டிய பிறகு பரப்பு கணித்த ஆழத்துக்கு 190 மீட்டர் மேலேயே வந்துவிட்டது என்று களத்தில் இருப்பவர்கள் தலையில் கைவைக்கும்போது, கணினியையோ தரவின் இரைச்சலையோ குறைசொல்லிப் பயனில்லை. நேரங்களை மட்டும் கொண்டு அதைத் தவிர்க்க வழியே இல்லை. கிணற்றிலிருந்து ஆழம் பற்றிய செய்தி வந்தே ஆக வேண்டும்.

எல்லாத் திசைகளிலும் ஒரே வேகம் என்று உறுதியாகத் தெரிந்தால் நிலைமை மாறுகிறது. ஆழம் கூடக் கூட வேகமும் கூடினால், மேற்பரப்பு நேரங்களிலிருந்து வேகத்தை முழுமையாக மீட்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹெர்க்லாட்ஸும் வீகெர்ட்டும் காட்டினார்கள். அந்த நிபந்தனையின் வடிவியல் பொருள், ஒரு மட்டத்தைத் தொட்டுச் செல்லும் ஜியோடெசிக் ஒவ்வொன்றும் அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும் என்பது. ஆனால் குஜராத்தின் சௌராட்டிரத்திலும் கட்சிலும் தக்காண எரிமலைப் பசால்ட்டின் கீழ், மெசோசோயிக் காலப் படிவுப் பாறைகள் புதைந்திருக்கின்றன. பசால்ட்டில் வேகம் வினாடிக்குச் சுமார் 5 கி.மீ.; கீழேயுள்ள படிவுகளில் அதைவிடக் குறைவு. நிபந்தனை அங்கே உடைகிறது. படிவுக்குள் இறங்கும் கதிர் எதுவும் அங்கேயே திரும்பி மேலே வருவதில்லை. முதல் வருகை நேரங்களில் அந்த அடுக்கு ஓர் இடைவெளியாக, ஒரு தாமதமாக மட்டுமே தெரியும். அதன் தடிமனையும் வேகத்தையும் அந்த நேரங்களால் தனித்தனியே பிரிக்க முடியாது.

பொதுவான வெளிக்கு இதே கேள்வியை ரெனே மிஷெல் 1981-இல் ஊகமாக முன்வைத்தார்: எல்லை குவிந்திருந்து, உள்ளே காஸ்டிக் எதுவும் உருவாகாத வெளியை, எல்லைப் புள்ளிகளுக்கு இடையிலான நேரங்கள், ஆள்கூறு மாற்றம் ஒன்று நீங்கலாக, முழுமையாகத் தீர்மானிக்கின்றன என்பது அது. இரு பரிமாணத்தில் பெஸ்தோவும் உல்மனும் 2005-இல் நிறுவினார்கள். முப்பரிமாணத்தில் ஸ்டெஃபனோவ், உல்மன், வாசி ஆகியோர் ஹெர்க்லாட்ஸின் நிபந்தனையைப் பொதுமைப்படுத்தி, அடுக்கடுக்காக உள்ளே இறங்கும் வழியில் பெரும்பகுதியைச் சாதித்திருக்கிறார்கள். "ஆள்கூறு மாற்றம் நீங்கலாக" என்ற அந்தச் சொற்றொடர்தான் மேலே சொன்ன 190 மீட்டர். தூய கணிதத்தில் ஒரு சிறு விலக்காகப் படித்துவிட்டுப் போகும் வரி, களத்தில் ஒரு கிணற்றின் ஆழமாக வந்து நிற்கிறது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் என் நன்றி. மூன்று நாள்களாக இதே வேலையாக இருந்தேன்.

நேரியல் மாதிரியில் 8 கி.மீ. தொலைவுக்கு என் நிரல் 3.662 வினாடியையே தருகிறது. மெர்காட்டர் பட்டையில் கதிர்கள் 6.28 கி.மீ.-இல் குவிய வேண்டும் அல்லவா? என் பழைய இடைக்கணிப்பில் அவை குவியும் இடத்தில் புள்ளிக்குப் பதிலாக ஒரு பஞ்சுத் திரி தெரிந்தது. முப்படி ஸ்ப்ளைனுக்கு மாறியதும் அது ஊசிமுனையாகிவிட்டது. ஆசிரியர் ஐயா ஊகித்தபடி, பழைய நிரல் கண்ணுக்குள் கணக்கிட்ட வளைவில் நேர்க்குறி ஓரிடத்திலும் இல்லை என்பதையும் அச்சிட்டுப் பார்த்துவிட்டேன்.

மார்மூசியில் வேகத்தின் தலைகீழை மூன்று அளவுகளில் மென்மையாக்கி, முதலில் கதிர்களை வரையாமல் வளைவுப் படத்தை மட்டும் வரைந்தேன். நேர்க்குறிப் பகுதிகள் பிளவுப் பெயர்ச்சிகளுக்கு இடையே சாய்ந்த நீள் பட்டைகளாகத் தெரிகின்றன. பிறகு கதிர்களை அதன்மேல் இட்டபோது, மூன்று படங்களிலும் நிலைத்து நின்ற காஸ்டிக்குகள் அந்தப் பட்டைகளைக் கடந்த பின்னரே தொடங்குகின்றன. 150 மீட்டரில் ஒரு சிறு காஸ்டிக் மறைந்துவிட்டது. அதை ஆய்வேட்டில் ஐயத்துக்குரியது என்று குறித்துவைத்திருக்கிறேன். எவ்வளவு மென்மையாக்கினேன், ஏன் என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு பக்க அளவுக்கு விளக்கம் இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. என் வீச்சுகளை முப்பரிமாண நிரல் ஒன்றின் விடையோடு ஒப்பிட்டபோது, பட்டையின் குவிமையத்தில் அந்த நிரல் ஒரு புள்ளியைக் காட்டாமல், குறுக்குவெட்டுக்குச் செங்குத்தாக நீளும் ஒரு கோட்டைக் காட்டுகிறது. இரண்டில் எது சரி?

மறுமொழி 4: வடிவியல் ஆசிரியர்

இரண்டும் சரி. முப்பரிமாணத்தில் வளைவு ஒற்றை எண் அல்ல. கதிரைத் தாங்கும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வளைவு உண்டு. பட்டையின் அச்சில் செல்லும் கதிருக்கு, உங்கள் குறுக்குவெட்டுத் தளத்தில் வளைவு 1. அதற்குச் செங்குத்தான கிடைத்தளத்தில் வேகம் அச்சின் மட்டத்தில் மாறாமல் இருப்பதால் வளைவு சுழியம். ஆகவே கதிர்க்குழாய், அதாவது அருகருகே செல்லும் கதிர்களின் கட்டு, மேல்கீழாகச் சுருங்கும்போதே, பக்கவாட்டில் வேகம் மாறாத பாறையில் விரிவதுபோல் நேர்விகிதத்தில் விரிந்துகொண்டே போகும்; 6.28 கி.மீ. தொலைவில் அது தட்டையாகி ஒரு கோடாக நிற்கும். இருபுறமும் சேர்ந்து புள்ளியாகக் குவிந்தால் கட்டம் 180 பாகை மாற வேண்டும். இங்கே ஒரு பக்கம் மட்டும் குவிவதால், செயலாக்கப் பொறியாளர் சொன்ன அதே 90 பாகைதான். வீச்சை ஒப்பிடும் முன், உங்கள் இரு பரிமாண விடையை இந்தப் பக்கவாட்டு விரிவின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 3.14 வினாடியில், ஒரு பாகை விலகிய இரு கதிர்களுக்கு இடையே பக்கவாட்டில் அது சுமார் 110 மீட்டர்.